உப்புவெளிக்கு வரும் கறுப்புத் தேன்சிட்டு ஓர் இனமா, இரண்டு இனமா?

கேள்வி: உப்புவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைத்தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. முற்றத்தில் இரண்டு செவ்வரத்தைகளும் ஒரு முருங்கையும் நிற்கின்றன. பின்வளவில் உள்ள பழைய மாமரத்தில் குருவிச்சை அடர்த்தியாகப் பிடித்திருக்கிறது. மாரி மழை ஓய்ந்து தை மாதத்து வெயில் ஏறத் தொடங்கிய நாளில் இருந்து காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தேன்சிட்டுகள் தவறாமல் வருகின்றன.

ஏழாம் ஆண்டில் படிக்கும் என் மகள் அவற்றை ஹம்மிங்பேர்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி தன் வீட்டுத் தோட்டத்திற்கு வரும் ஹம்மிங்பேர்ட்டின் காணொளிகளை அனுப்புவதுதான் அதற்குக் காரணம். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது, நம்முடையது தேன்சிட்டு, இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள் என்று அவளுக்கு விளக்கினேன். "அப்படியென்றால் எங்கள் முற்றத்துக்கு எத்தனை வகைத் தேன்சிட்டு வருகிறது, அம்மா?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

மஞ்சள் வயிறு உள்ள சிறிய வகையை எனக்கு நன்றாகத் தெரியும். என் குழப்பம் முழுவதும் கறுப்பாகத் தெரியும் ஆண்களைப் பற்றியது. சில நாட்களில் வரும் பறவை உச்சியில் இருந்து வால்வரை ஒரே கறுப்பாக இருக்கிறது. வேறு சில நாட்களில் வருவது சற்றுப் பெரிதாக, வயிறு மங்கலாகத் தெரிகிறது. முதலாவது வளர்ந்தது, இரண்டாவது இளையது என்று என் கணவர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ ஒன்று ஆண், மற்றது பெண் என்கிறார். இரண்டு விளக்கங்களும் எனக்கு நிறைவு தரவில்லை.

சென்ற கிழமை இவற்றில் ஒன்று எங்கள் யன்னல் கண்ணாடியில் மோதி விறாந்தையில் விழுந்துவிட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தேன். ஒரு கடிதத்தின் எடைகூட இருக்காது என்று தோன்றியது. நெஞ்சு துடிப்பது மட்டும் விரலில் தெரிந்தது. அலகு ஊசிபோல் மெலிந்து கீழ்நோக்கி வளைந்திருந்தது. மார்பின் குறுக்கே கருஞ்சிவப்பில் ஒரு பட்டை ஓடியது. வெயில் பட்ட பக்கம் தொண்டை பச்சையாகவும் நீலமாகவும் மின்னியது. என் கையைச் சற்று நிழலுக்குத் திருப்பியதும் அந்த மின்னல் முழுவதும் அணைந்து பறவை அடுப்புக்கரி நிறமாகிவிட்டது. சிறகை அது சற்று விரித்தபோது அக்குளில் மஞ்சள் இறகுக் குஞ்சம் ஒன்று தெரிந்தது. பிறகு எழும்பி முருங்கைக்குப் பறந்து சென்றது. அந்தப் பதற்றத்தில் படம் எடுக்கவும் வயிற்றின் நிறத்தைக் கவனிக்கவும் தவறிவிட்டேன்.

நான் கையில் ஏந்தியது எந்தப் பறவை? இவை ஒரே இனத்தின் இரண்டு தோற்றங்களா, அல்லது உண்மையிலேயே இரண்டு இனங்களா?

பதில் 1: தம்பலகாமத்து ஓய்வுநிலை ஆசிரியர்

மகளே, உங்கள் மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மூன்று. இலங்கையில் நிலையாக வாழும் தேன்சிட்டு இனங்கள் மூன்று, அந்த மூன்றும் திருகோணமலைக் கரையோரத்தில் உண்டு. மஞ்சள் வயிற்றுப் பறவை ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கறுப்பாகத் தெரியும் ஆண்கள் இரண்டு தனித்தனி இனங்களைச் சேர்ந்தவை. ஒன்று ஊதாத் தேன்சிட்டு, மற்றது லோட்டனின் தேன்சிட்டு. இரண்டும் சின்னிரிஸ் என்ற ஒரே பேரினத்தில் அடங்கும் நெருங்கிய உறவினர்கள் என்பதால் உங்கள் வீட்டில் எழுந்த விவாதம் எல்லா வீடுகளிலும் எழக்கூடியதுதான்.

நிறத்தை நம்பி இவற்றைப் பிரிக்க முயன்றால் தோல்விதான் கிடைக்கும். அதற்கான காரணத்தை உங்கள் உள்ளங்கையிலேயே கண்டிருக்கிறீர்கள். மஞ்சள் குஞ்சத்தின் நிறம் இறகில் ஊறியிருக்கும் சாயம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மஞ்சளாகவே இருக்கும். தொண்டையின் பச்சையும் நீலமும் ஊதாவும் அப்படிப்பட்டவை அல்ல. இறகின் நுண்கிளைகளுக்குள் மிக மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கும் கருநிறமித் துகள்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் தோன்றுவதும் இதே ஒளியியல் விதியால்தான். ஒளி விழும் கோணம் மாறினால் நிறம் மாறும். நிழலுக்குப் போனால் கறுப்புத்தான் மிஞ்சும். ஆகவே "நேற்றுப் பச்சையாக இருந்தது, இன்று நீலமாக இருக்கிறது, எனவே இது வேறு பறவை" என்ற முடிவுக்கு ஒருபோதும் வரக்கூடாது.

பார்க்க வேண்டிய முதல் உறுப்பு அலகு. ஊதாத் தேன்சிட்டின் அலகு ஏறக்குறைய அதன் தலையளவு நீளமானது, மிதமாக வளைந்தது. லோட்டனின் அலகு தலையைவிடத் தெளிவாக நீண்டு, நுனிவரை நன்றாக வளைந்து செல்லும். பக்கவாட்டில் ஒரு முறை பார்த்துவிட்டால் அந்த அளவுப்பொருத்தம் கண்ணில் பதிந்துவிடும், பிறகு அளந்து பார்க்கத் தேவை இராது. உடலளவிலும் வேறுபாடு உண்டு: ஊதா சுமார் 10 சென்ரிமீற்றர், லோட்டன் 12 முதல் 13 சென்ரிமீற்றர். ஆனால் மரத்தில் தனியாக இருக்கும் பறவையின் பருமனைக் கண்ணால் கணிப்பது ஏமாற்றும் வேலை. இரண்டும் ஒரே கிளையில் வந்தால் மட்டுமே அது பயன்படும்.

இரண்டாவது, வயிறு. இனப்பெருக்கக் கோலத்தில் உள்ள ஊதா ஆணின் வயிறு மார்பைப் போலவே கருநீலமாக இருக்கும். நீங்கள் சொன்ன "ஒரே கறுப்பு" இதுதான். லோட்டன் ஆணின் வயிறு புகைபிடித்த கபில நிறம், சிறகும் கபிலம். மார்பின் மினுக்கம் முடிந்து வயிற்றின் கபிலம் தொடங்கும் எல்லையில் கருஞ்சிவப்புப் பட்டை அகலமாக ஓடும். நீங்கள் மங்கலான வயிறு என்று குறிப்பிட்ட பறவை லோட்டனாகவே இருக்க வேண்டும்.

கையில் ஏந்திய பறவை எது என்று மட்டும் இப்போது உறுதியாகச் சொல்ல மாட்டேன். பட்டை இருந்தது என்கிறீர்கள். அது லோட்டனைச் சுட்டுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. அலகு எவ்வளவு நீளம் இருந்தது என்பதை ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?

பதில் 2: மூதூர்க் களப்புக்காரன்

ஆசிரியர் ஐயா, தங்கள் விளக்கத்தை மதிக்கிறேன்; ஆயினும் ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. மார்பில் கருஞ்சிவப்புப் பட்டை இருந்தால் லோட்டன், இல்லாவிட்டால் ஊதா என்ற ஒரே அடையாளத்தை வைத்துத்தான் நான் பல வருடங்களாகப் பிரித்துக் குறித்துவருகிறேன். தொலைநோக்கியில் அலகின் நீளத்தைவிடப் பட்டைதான் எனக்கு விரைவாகத் தெரிகிறது. தங்கை கையில் வைத்துப் பார்த்தே பட்டையைக் கண்டிருக்கும்போது அதை ஏன் ஏற்கக்கூடாது?

பதில் 3: தம்பலகாமத்து ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி, ஊதாத் தேன்சிட்டிலும் சில ஆண்களுக்கு மார்பில் செம்பழுப்பான ஒரு மெல்லிய பட்டை தெரியும் என்பதனால்தான் நான் தயங்கினேன். அது லோட்டனின் பட்டையைப் போல அகலமானதும் அல்ல, எப்போதும் கண்ணில் படுவதும் அல்ல. ஆனால் வெயில் சரிவாக விழும் காலைவேளையில் கையெட்டும் தூரத்தில் பார்ப்பவருக்கு அது தெளிவாகவே தெரியக்கூடும். உங்கள் குறிப்புகளில் பட்டையுடன் கபில வயிறும் எழுதப்பட்டிருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பட்டை மட்டும் எழுதப்பட்ட பதிவுகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவது நல்லது. மஞ்சள் குஞ்சமும் இங்கே உதவாது. அது இரண்டு இனத்து ஆண்களுக்கும் உண்டு. ஊதாவின் குஞ்சத்தில் மஞ்சளோடு செம்மஞ்சளும் கலந்திருக்கும். எனினும், பெண்ணின் முன் கூத்தாடும்போதோ கையில் அகப்படும்போதோ தவிர மற்ற நேரத்தில் அந்தக் குஞ்சம் சிறகுக்குள் மறைந்தே கிடக்கும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் படிப்பித்த காலத்தில், பட்டையை மட்டும் பார்த்து "லோட்டன்" என்று மாணவர்களுக்குக் காட்டிய ஒரு பறவை பக்கம் திரும்பி உட்கார்ந்தபோது அதன் அலகு கட்டையாக இருந்தது. வகுப்பின் முன் அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று முதல் அலகைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

பதில் 4: உப்புவெளி வாசகி

ஐயா, மிக்க நன்றி. அலகைப் பற்றிக் கேட்டீர்கள். பறவை என் விரல்களின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தபோது அதன் அலகு என் சுண்டுவிரலின் நுனியோடு ஒட்டி இருந்தது. விரல்நுனியில் இருந்து முதல் மடிப்பைத் தாண்டி அலகின் அடி சற்று மேலே போயிருந்தது நன்றாக நினைவில் இருக்கிறது. இன்று காலை அந்த மடிப்புவரை அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். 22 மில்லிமீற்றர் இருந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். மாமரத்துக் குருவிச்சைக்கு வரும் சில பறவைகள் மேற்புறம் மங்கலான பச்சையும் கீழ்ப்புறம் மஞ்சளுமாக, பெண்ணைப் போல இருக்கின்றன. ஆனால் நாடியில் இருந்து வயிறுவரை நடுவே மையால் கோடு இழுத்ததுபோல் ஒரு கரும்பட்டை இறங்குகிறது. இது நான்காவது இனமாக இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. அப்படியானால் இது யார்?

பதில் 5: தம்பலகாமத்து ஓய்வுநிலை ஆசிரியர்

22 மில்லிமீற்றரையும் தாண்டி, வளைந்து, கருஞ்சிவப்புப் பட்டையோடு: நீங்கள் ஏந்தியது லோட்டன் ஆண்தான். இப்போது தயக்கமின்றிச் சொல்கிறேன்.

கரும்பட்டை இறங்கும் பறவை ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது தன் மினுக்கத்தை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற எளிய கோலத்துக்கு மாறுகிறது. அப்போது தொண்டையில் இருந்து வயிற்றுக்கு இறங்கும் அந்த ஒற்றைக் கோடும் கருமையான சிறகும் மட்டும் அது ஆண் என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆண் குஞ்சுகள் முதன்முறையாக நிறம் மாறும்போதும் கறுப்பு இறகுகள் திட்டுத் திட்டாக முளைத்துக் குழப்பம் தரும். ஆகவே உங்கள் கணவர் சொன்னது முற்றிலும் தவறல்ல. ஒரே இனத்துக்குள் வயதாலும் பருவத்தாலும் கோலம் மாறுவது உண்மை. கபில வயிற்றுப் பறவை அப்படி மாறிய ஒன்று அல்ல என்பது மட்டுமே அவருக்குச் சொல்ல வேண்டிய திருத்தம்.

பெண்களைப் பிரிப்பதுதான் கடினம். இரண்டு இனத்துப் பெண்களுக்கும் மேலே ஒலிவ் நிறம், கீழே மஞ்சள். ஊதாப் பெண்ணுக்குக் கண்ணின் மேல் வெளிறிய புருவக்கோடு ஒன்று மெலிதாக ஓடும். லோட்டன் பெண்ணுக்கு அது இல்லை, மேற்புறமும் சற்று இருண்டிருக்கும். புருவத்தையும் அலகையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் "தேன்சிட்டு, பெண்" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குக் காத்திருங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு குறிப்பு, மகளுக்குப் பயன்படும். யோவான் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். அந்த ஆண்டுகளில் திருகோணமலைக் கோட்டையும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. உயிரினங்களில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், கொழும்பில் பிறந்த பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இந்தத் தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்து, அந்த ஓவியங்களை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். 1766 இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு லோட்டனின் பெயரை வைத்தார். ஊதாத் தேன்சிட்டுக்கு லாதம் அறிவியற் பெயர் சூட்டியது 1790 இல். ஓமானில் இருந்து தென்கிழக்காசியா வரை பரவியிருக்கும் பறவைக்கு முன்பே, தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லாத நம் பறவை பெயர் பெற்றுவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அதற்கு உருவம் கொடுத்தவர்களில் இந்த மண்ணில் பிறந்த ஒரு கலைஞனும் இருந்தான் என்பது அதைவிடப் பெரிது. ஆளுநரின் பெயர் நிலைத்த அளவுக்கு அவன் பெயர் நிலைக்கவில்லை.

பதில் 6: கிண்ணியாக் கரையோரம்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கூட்டைப் பற்றியும் குரலைப் பற்றியும் நான் நேரில் கண்டதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் எங்கள் விறாந்தையில் மின்குமிழ் தொங்கும் வயரில் ஊதாத் தேன்சிட்டின் பெண் கூடு கட்டியது. கட்டும் வேலை முழுவதும் பெண்ணுடையது. ஆண் அருகில் இருந்த மாதுளையில் நின்று பாடிக்கொண்டிருந்ததே தவிர ஒரு நார்கூடக் கொண்டுவரவில்லை. கதிரையில் ஏறி நின்று பார்த்தபோது சிலந்தி நூலால் கோத்த காய்ந்த இலை, மரப்பட்டைத் துகள், மயிர்க்கொட்டியின் எச்சம், எங்கள் பிள்ளைகள் கிழித்துப்போட்ட கொப்பித்தாளின் ஒரு துண்டு ஆகியவை தெரிந்தன. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே மழை உள்ளே விழாதபடி ஒரு தாழ்வாரம். உள்ளே பஞ்சுபோன்ற விதை நார். அடைகாத்ததும் பெண்தான். குஞ்சு பொரித்த பிறகுதான் ஆண் இரை கொண்டுவரத் தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு அதை எதிரி என்று எண்ணி ஓயாமல் கொத்தியது. அதற்காக இரண்டு கிழமை கண்ணாடியில் துணி கட்டி வைத்தோம்.

லோட்டனின் கூட்டை ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். எங்கள் காணிக்குப் பின்னால் உள்ள முட்பற்றையில் சிலந்திகள் கூட்டமாக வாழும் ஒரு பெரிய வலைத்திரள் இருந்தது. வாடிய இலைகளும் தூசும் சிக்கி அழுக்கு மூட்டைபோல் தொங்கிய அதன் உள்ளே நீண்ட அலகு ஒன்று போய் மறைவதைக் கண்டேன். அந்தத் திரளையே குடைந்து கூட்டுக்கு இடம் செய்திருந்தது. தெரியாதவர் அதைக் கூடு என்று சொல்லவே மாட்டார்.

ஊதா ஆணின் பாட்டு வேகமாக, மூச்சுவிடாமல் ஓடும். லோட்டனின் அழைப்பு "சிட், சிட்" என்று கூர்மையாக, தட்டாரின் சுத்தியல் தட்டுவதுபோல் விட்டு விட்டு வரும். முருங்கையில் இலை மறைக்கும்போது எனக்கு முதலில் உதவுவது இந்த ஒலிதான். உணவு எடுக்கும் முறையிலும் பழக்கம் உண்டு: லோட்டன் பூவின் முன்னால் சற்று நேரம் சிறகடித்து நின்றே உறிஞ்சுவதை அடிக்கடி காண்கிறேன். ஆசிரியர் ஐயா இதை அடையாளமாக ஏற்பாரா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 7: தம்பலகாமத்து ஓய்வுநிலை ஆசிரியர்

துணைச்சான்றாக ஏற்பேன், தம்பி. அதை மட்டும் வைத்துப் பெயர் எழுத மாட்டேன். மூன்று இனங்களும் தேவைப்பட்டால் சில கணங்கள் அந்தரத்தில் நிற்கும். காம்பைப் பற்றி உட்கார்ந்து குடிப்பதே அவற்றின் பொதுவழக்கம். செவ்வரத்தையின் வாய்க்குள் நுழையாமல் பூவின் அடியைத் துளைத்துத் தேனை எடுத்துவிடும் களவும் தேன்சிட்டுகளிடம் உண்டு. மகரந்தத்தைத் தொடாமலே அவை வயிறு நிரப்பிக்கொள்வது அப்போதுதான். உங்கள் கூட்டு வர்ணனை மிக அருமை. சிலந்தித் திரள் பற்றிய குறிப்பைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 8: ரொறன்ரோவில் இருந்து ஒரு திருகோணமலையான்

அக்காவின் தம்பி நான்தான். மருமகளின் குழப்பத்திற்குக் காரணமானவனும் நானே. ஆகவே ஹம்மிங்பேர்ட்டின் பக்கத்தில் இருந்து ஒரு சில செய்திகளைச் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்திற்கு வருவது மாணிக்கக் கழுத்து ஹம்மிங்பேர்ட். கிழக்குக் கனடாவில் கூடு கட்டுவது இந்த ஓர் இனம்தான் என்பதால் இங்கே குழப்பத்திற்கு இடமில்லை. டெக்சாஸில் இருக்கும் பெரியக்கா வீட்டுக்குப் போனபோதுதான் உங்கள் முற்றத்துச் சிக்கல் எனக்கும் வந்தது. அங்கே இதன் மேற்குப் புறத்து உறவினமான கறுப்பு நாடி ஹம்மிங்பேர்ட்டும் வருகிறது. ஆர்க்கிலோகஸ் என்ற பேரினத்தில் இருப்பவை இந்த இரண்டு இனங்கள் மட்டுமே. ஆண்கள் வெயிலில் திரும்பினால் பிரச்சினை இல்லை: ஒன்றின் தொண்டை முழுவதும் மாணிக்கச் சிவப்பு, மற்றதற்கு நாடி கறுப்பு, அதன் கீழ்விளிம்பில் மட்டும் ஊதா. நிழலில் இரண்டு தொண்டைகளும் ஒரே கறுப்பு. ஐயா சொன்ன ஒளியியல் விதிதான் இங்கும் வேலை செய்கிறது. வேறு கண்டம், வேறு குடும்பம். ஏமாற்றும் முறை ஒன்றேதான்.

பெண்களை நான் இரண்டு நாட்கள் பிரிக்க முயன்று தோற்றேன். மூன்றாம் நாள் அக்காவின் அயலவர் ஒருவர், மடித்த சிறகின் நுனியைப் பார்க்கச் சொன்னார். கறுப்பு நாடிக்கு வெளிச்சிறகின் நுனி அகன்று மழுங்கி வளைந்திருக்கும், மாணிக்கக் கழுத்துக்கு அது ஒடுங்கி நேராக முடியும். கறுப்பு நாடியின் அலகு சற்றே நீளம், சற்றே வளைவு. அந்தரத்தில் நின்று குடிக்கும்போது அது வாலை ஓயாமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கும். மற்றது வாலைப் பெரும்பாலும் அசையாமல் வைத்திருக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகும் சில பெண்களுக்குப் பெயர் வைக்க முடியவில்லை. இரண்டு இனங்களும் எல்லைப்பகுதியில் சிலவேளை கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு.

மருமகளுக்கு ஒன்று: ஹம்மிங்பேர்ட்டுக்கு நெருங்கிய உறவு தேன்சிட்டு அல்ல, வானத்தில் இருந்து இறங்காமலே பறந்து திரியும் உழவாரக் குருவிதான். தோள்மூட்டின் அமைப்பால் சிறகை எட்டு வடிவில் சுழற்றி, முன்னே போவதுபோலப் பின்னேயும் பறக்கிறது. சுமார் 3 கிராம் எடையுள்ள இந்த மாணிக்கக் கழுத்து, குளிர்காலத்தைக் கழிக்க மத்திய அமெரிக்கா வரை போய்த் திரும்புகிறது. எங்கள் தேன்சிட்டு நன்றாகக் காலூன்றி உட்கார்ந்து உண்ணும் பறவை. காக்கையும் மைனாவும் அடங்கும் பெரிய வரிசையில் அதற்கு இடம். நீண்ட அலகும் மினுங்கும் தொண்டையும் இரண்டிடத்திலும் தனித்தனியே தோன்றியவை. பூக்குழலுக்குள் இருக்கும் தேனை எட்டுவதற்கு அலகு எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இரண்டிலும் வளர்ந்திருக்கிறது.

பதில் 9: மூதூர்க் களப்புக்காரன்

ஐயா சொன்னபடி என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். லோட்டன் என்று எழுதிய 41 பதிவுகளில் அலகையோ வயிற்றையோ குறித்து வைத்தவை 26 மட்டுமே. மற்றப் பதினைந்திலும் பட்டை மட்டும்தான் இருந்தது. பதினைந்துக்கும் கேள்விக்குறி போட்டுவிட்டேன்.

பதில் 10: உப்புவெளி வாசகி

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று நாட்களாக நானும் மகளும் மாமரத்தின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மோதல் மீண்டும் நடக்காமல் இருக்க அந்த யன்னலுக்கு வெளியே பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டேன்.

நேற்றுக் காலை ஏழு மணி கழிந்த சிறிது நேரத்தில் முருங்கையின் ஒரே கிளைக்கு இரண்டு ஆண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் வந்தது ஊதா. சூரியனுக்கு முதுகு காட்டி இருந்ததால் எந்த மினுக்கமும் இல்லை, வயிறுவரை கறுப்பு, அலகு தலையளவு. அது பூக்கொத்தில் தலையைப் புதைத்திருக்கும்போது லோட்டன் வந்து கிளையின் மறுமுனையில் இறங்கியது. அந்த அலகைக் கண்டதும் மகள் என் கையை அழுத்திப் பிடித்தாள். அடையாளம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பெரியது சிறியதைத் துரத்தும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் ஊதாதான் லோட்டனைச் செவ்வரத்தை வரை விரட்டிச் சென்றது.

குருவிச்சையில் நீண்ட மொட்டு ஒன்றை ஊதாப் பறவை அலகால் நெருக்குவதையும், மொட்டு சட்டென்று பிளந்து திறப்பதையும், பறவையின் நெற்றியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டுவதையும் கண்டோம். அது வயிற்றுக்கோடு உள்ள ஆண்.

பெண்களில் இதுவரை இரண்டைத்தான் எங்களால் பிரிக்க முடிந்தது. இரண்டுக்கும் புருவக்கோடு இருந்தது. மற்ற ஐந்தையும் மகள் தன் கொப்பியில் "தேன்சிட்டு, பெண்" என்று எழுதியிருக்கிறாள். புருவம் இல்லாத ஒன்றைக் காணும்வரை பாயை மடிக்கப்போவதில்லை என்கிறாள். நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை என்பதால் ஆறு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.